மண் பரிசோதனை அறிக்கை இணைக்கப்படவில்லை

ஜனவரி 9, வியாழன்

இன்று வந்த கோப்புகளில் முக்கால்வாசியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மீதிக்குக் கேள்வி எதுவும் தோன்றவில்லை. நாளைக்குத் தோன்றும்.

இந்த வேலையை யாரிடமாவது விளக்கினால் சிரிப்பார்கள். மாகாண நிதித்துறையில், துறைகளுக்குப் பணம் விடுவிக்கும் பிரிவில் நான் அலுவலர். விடுவிக்காமல் வைத்திருப்பதுதான் வேலை. 'மறுக்கப்பட்டது' என்று எழுதக் கூடாது. எழுதினால் அமைச்சரிடம் போய் நிற்பார்கள். கேள்வி கேட்க வேண்டும். பதில் வந்தால் இன்னொரு கேள்வி. "மார்ச் வரைக்கும் இழுத்துப் பிடிப்பா" என்று இணைச் செயலர் போன அக்டோபரில் வாய்வார்த்தையாகச் சொன்னதோடு சரி. எழுத்தில் ஒன்றும் கிடையாது. துறைக்காரர்கள் எனக்குக் 'கேள்வி' என்றே பேர் வைத்துவிட்டார்கள். லிஃப்டில் என் காதுபடவே சொல்கிறார்கள்.

திருப்பியதில் ஒன்று அக்காவினுடையது. காது கேளாத பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அரசு விடுதி. அக்கா அங்கே காப்பாளர். கழிப்பறை, குளியலறை, ஒரு மேல்நிலைத் தொட்டி கேட்டிருக்கிறார்கள். மேலுறையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் ஓரமாக வைத்தேன். அப்புறம் மற்றதற்கெல்லாம் எழுதுகிற மாதிரி அதற்கும் எழுதினேன்: 'மண் பரிசோதனை அறிக்கை இணைக்கப்படவில்லை.'

கால் வீங்கியிருக்கிறது. படுக்க வேண்டும்.

ஜனவரி 12, ஞாயிறு

அக்கா போன் செய்தாள். எடுத்த எடுப்பில்: "உங்க ஆபீஸ்ல எவனோ மண் பரிசோதனை கேட்டிருக்கான்டா. நான் என்ன அணையா கட்டப் போறேன்? கக்கூஸ்டா!"

நானும் சிரித்தேன். எவனோ.

நாற்பத்துச் சொச்சம் பிள்ளைகளுக்கு ஒழுங்காக இருப்பது இரண்டே கழிப்பறைதானாம். விடியுமுன்னே வரிசை ஆரம்பித்துவிடுகிறதாம். "பொம்பளைப் பிள்ளைங்க சாயந்திரம் ஆனா தண்ணியே குடிக்கிறதில்ல. டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு உதட்டுல ஒத்தி எடுத்துட்டு கீழ வெச்சிடுதுங்க. என்னை ஏமாத்துறாங்களாம்."

"பாக்கறேன்கா" என்றேன்.

"நீ பாக்க வேணாம். உன்கிட்ட நான் இதுவரைக்கும் சிபாரிசுன்னு வந்திருக்கேனா? கேட்டதை நான் குடுத்துடறேன். சீக்கிரம் அனுப்பச் சொல்லு, அவ்வளவுதான்."

ஜனவரி 13, திங்கள்

சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

ஜனவரி 28, செவ்வாய்

மண் பரிசோதனை அறிக்கை வந்துவிட்டது! அக்கா யாரோ ஒரு பொறியியல் கல்லூரிக்காரரை நச்சரித்து வாங்கியிருக்கிறாள். பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்து, "குளியலறைக்கு மண் பரிசோதனையா? அடுத்து ஜாதகம் கேளுங்க" என்றாள்.

கோப்பை எடுத்துக்கொண்டு நேராக இணைச் செயலரிடம் போனேன். "சார், இதுல மத்திய அரசுப் பங்கு செப்டம்பர்லயே வந்தாச்சு. பத்துல ஆறு அவங்க போட்டுட்டாங்க. நாம நாலைச் சேர்த்து அனுப்பினா போதும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வந்துச்சு. எங்க இருக்கு?"

எனக்கே தெரியும். பொதுக் கணக்கில் விழுந்தது. போன மாதச் சம்பளத்தோடு போய்விட்டது. மத்திய அரசு தர வேண்டிய வரிப்பங்கு இரண்டு மாதமாக வரவில்லை. அது வரும்வரை கையில் இருப்பதை வைத்து ஓட்ட வேண்டும். அவர்களோ, முதல் தவணையைச் செலவழித்ததாகச் சான்று கொடுத்தால்தான் இரண்டாம் தவணை என்கிறார்கள். செலவழிக்கப் பணம் இல்லை. பணம் இல்லை என்று எழுதினால் மாகாணத்துக்கு மானக்கேடு. அதனால் மண் பரிசோதனை.

"ஒண்ணாம் தேதி வாத்தியாருக்குச் சம்பளம் போகலைன்னா ரோட்டுல வந்து உக்காருவாங்க. கக்கூஸ் இல்லைன்னு யாரும் ரோட்டுல வந்து உக்கார மாட்டாங்கப்பா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் முகமும் சரியாகத் தூங்காத முகம்தான். "இன்னொண்ணு கேளு."

நிலம் யார் பெயரில் என்று கோப்பில் எழுதிக் கேட்டேன். அரசு விடுதி. வேறு யார் பெயரில் இருக்கும்?

பிப்ரவரி 11, செவ்வாய்

விடுதியை மூடிவிட்டார்கள்.

இரண்டு பெண் பிள்ளைகளுக்குச் சிறுநீரில் தொற்று, குளிர் காய்ச்சல், மருத்துவமனை. தேறிவிடுவார்களாம். சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டு, இத்தனை பேருக்கு இரண்டு கழிப்பறையா என்று அன்றைக்கே மூட உத்தரவு எழுதிவிட்டார். அந்த ஆள் செய்தது சரிதான். எல்லாரும் சரியாகத்தான் செய்கிறார்கள்.

"அனுப்பிட்டேன்டா எல்லாரையும்" என்றாள் அக்கா. "வீட்டுல இதுங்க பேசுற கை பாஷை யாருக்குத் தெரியும்? ஒரு மூலையில உக்கார வெச்சிடுவாங்க. பஸ் ஏறுற வரைக்கும் ஒவ்வொண்ணும் என்னைப் பார்த்துக் கையை ஆட்டி எப்போ, எப்போன்னு கேக்குது. நான் என்ன சொல்றது?"

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"அந்த ரெண்டாவது கடுதாசியோட கோப்பு நகலையும் அனுப்பியிருந்தாங்க" என்றாள். "ஓரத்துல சுருக்கொப்பம் இருக்கு. அந்தச் சுழியை எனக்குத் தெரியாதாடா?"

"அக்கா, மேலேருந்து–"

"வெச்சிடறேன்."

பிப்ரவரி 14, வெள்ளி

அக்காவுக்கு மூன்று முறை போன் போட்டேன். எடுக்கவில்லை. இவள், என் மனைவி, சொல்கிறாள்: "நேர்ல போய்ட்டு வாங்க." போய் என்ன சொல்ல? மேலேருந்து சொன்னாங்க என்றா? மேலே என்றால் எவ்வளவு மேலே?

மார்ச் 4, செவ்வாய்

அக்கா விடுதிக் கோப்பை இன்று நானே மேலே வைத்தேன். குறிப்பில் ஒரே வரி: 'அனைத்தும் சரியாக உள்ளன, நிதியை விடுவிக்கலாம்.'

இணைச் செயலர் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். "என்னப்பா, கேள்வியே இல்லையா?"

"இல்லைங்க சார்."

"உடம்பு கிடம்பு சரியில்லையா?" சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்தி, "இங்கேயே வெச்சிட்டுப் போ" என்றார். மேசையில் இடது பக்கம் ஒரு குவியல் இருக்கிறது. அதன் மேல் வைத்தேன்.

மார்ச் 28, வெள்ளி

மத்திய அரசின் வரிப்பங்கு மதியம் வந்து சேர்ந்தது. வந்ததும் மடை திறந்த மாதிரி ஆகிவிட்டது. இடது பக்கக் குவியல் மொத்தமும் ஒரே மாலையில் கையெழுத்தாகி இறங்கியது. அக்கா விடுதியும் அதில் போயிற்று, ஆறு மணிக்கு அப்புறம். நாளை சனி, மறுநாள் ஞாயிறு. திங்களோடு ஆண்டு முடிகிறது. அதற்குள் வேலையை முடித்து, பில் போட்டு, கருவூலத்தில் காட்ட வேண்டும். இல்லையென்றால் பணம் திரும்பிவிடும்.

பக்கத்து மேசைக்காரி பையை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "பந்தி முடிஞ்சு எச்சில் இலை எடுக்குற நேரத்துல பத்திரிகை வெச்சிருக்கோம்."

மார்ச் 31, திங்கள்

கருவூலக் கணினி மூன்று தடவை படுத்துவிட்டது. ஒரு துறை சுழல் நாற்காலிகளாக வாங்கித் தள்ளி பில் போட்டிருக்கிறது. உட்காரத்தான் ஆள் இல்லை.

சாயங்காலம் அக்காவே போன் செய்தாள். பேசி ஒன்றரை மாதம் இருக்கும். "ஒரு ஒப்பந்தக்காரர் வந்தாருடா. இன்னைக்கே வேலை முடிஞ்சதா பில் போட்டுக்கலாம், கையெழுத்து மட்டும் போடுங்க, கட்டறதை அப்புறமா பாத்துக்கலாம்னாரு. போட்டா பணம் நிக்குமா?"

நிற்கும். பாதிப் பேர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அவள் கேட்டபோது என் நாக்கு நுனியில் 'போடு' என்றுதான் இருந்தது.

"கட்டலைன்னா நாளைக்கு நீதான் மாட்டுவே" என்றேன்.

"அதான் அனுப்பிட்டேன். உன்கிட்ட சும்மா கேட்டேன்." வைத்துவிட்டாள்.

பணம் திரும்பிவிட்டது.

ஏப்ரல் 2, புதன்

பத்திரிகையில் இரண்டு அறிக்கை, அருகருகே. 'கொடுத்த பணத்தைச் செலவழிக்கவே மாகாணங்களுக்குத் தெரியவில்லை' – மத்திய அமைச்சர். 'கடைசி நேரத்தில் கொடுத்தால் எப்படிச் செலவழிப்பது' – நம்மவர். இரண்டு பேரும் சொல்வது உண்மை. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஏப்ரல் 16, புதன்

மத்திய அரசிலிருந்து கடிதம்: பணம் செலவாகாமல் திரும்பியதற்குப் பொறுப்பானவர்கள் யார், என்ன நடவடிக்கை?

பதிலை நான்தான் எழுத வேண்டும். இணைச் செயலர் வழி சொன்னார்: கீழே உள்ளவர்களிடம் விளக்கம் கேள். எல்லாருக்கும் ஒரே வாசகம். 'குறித்த காலத்தில் நிதியைப் பயன்படுத்தத் தவறிய தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?'

அக்கா பெயர் நடுவில் எங்கேயோ வந்தது. கையெழுத்துப் போட்டேன். இந்த முறை சுருக்கொப்பம் இல்லை, முழுக் கையெழுத்து. சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். இவள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடி வைத்தாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

அக்காவுக்கு நானே போன் போட்டேன். எடுத்தாள்.

"வந்துச்சு உன் கடுதாசி. அழகா எழுதியிருக்கே."

"அக்கா, பதில் எப்படி எழுதணும்னு நான் சொல்றேன். பேப்பர் எடு."

அப்புறம் நாற்காலி இழுபடும் சத்தம். காலை முழுக்க உட்கார்ந்து எழுதினோம். எந்தத் தேதியில் என்ன அனுப்பினாள், எதை எப்போது பெற்றாள், எல்லாம் வரிசையாக. அடுத்து என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும், கேட்கப்போவது நான்தானே. ஒரு இடத்தில் அவளே சிரித்துவிட்டாள்: "அடப்பாவி, கேள்வியும் நீ, பதிலும் நீ. நடுவுல எனக்கு எதுக்குடா சம்பளம்?"

அவள் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று. வைக்கும்போது, "சாப்பிட்டியா?" என்றாள்.

மே 6, செவ்வாய்

அக்காவின் பதில் மேசைக்கு வந்தது. நான் சொன்னபடியே, வரிக்கு வரி. ஆனால் கடைசியில், தட்டச்சுக்குக் கீழே, பேனாவால் அவளாகவே சேர்த்திருக்கிறாள்:

'தாமதம் எந்த மேசையில் ஏற்பட்டது என்பதை அதே அலுவலகத்தில் பணிபுரியும் என் தம்பியிடம் கேட்டறியலாம். கேட்டால் பொய் சொல்ல மாட்டான்.'

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனோ. பக்கத்து மேசைக்காரி, "என்ன, கேள்வி கிடைக்கலையா?" என்றாள்.

எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். இணைச் செயலர் படித்தார். "யாரு தம்பி?"

"நான்தான் சார்."

நிமிர்ந்து பார்த்தார். "இதைக் கிழிச்சிட்டு, அந்த வரி இல்லாம ஒண்ணு அனுப்பச் சொல்லு. அக்காதானே, கேப்பாங்க."

"கேக்க மாட்டாங்க சார்."

மேசைக்குத் திரும்பி வந்து குறிப்பு எழுதினேன். கோப்பு என்னிடம் வந்த நாள். நான் கேட்ட கேள்விகள். அவை தேவையில்லாதவை என்று எனக்கே தெரியும் என்பது. மார்ச் வரை விடுவிக்க வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. மத்தியப் பங்கு சம்பளத்துக்குப் போனது. காப்பாளர் மீது தவறில்லை. அடித்துத் திருத்தாமல் எழுதி முடித்து அவர் முன் வைத்தேன்.

அவர் படித்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: "உன் பொண்ணு காலேஜ்ல இருக்கா இல்ல?"

"இருக்கா சார்."

"அப்புறம் எதுக்குப்பா இதெல்லாம்?"

"எங்கக்கா எழுதிட்டாங்க சார்" என்றேன்.

மே 7, புதன்

கோப்பு மேலே போய்விட்டது என்கிறார்கள். அவர் கிழிக்கவில்லை. ஏன்?

ஜூன் 19, வியாழன்

மாற்றல் உத்தரவு. ஒரு துணைக் கருவூலம். இங்கிருந்து ராத்திரி பஸ் ஏறினால் விடிகாலை போய் இறங்கலாம். பதவி அதேதான், மதிப்புத்தான் இல்லை. பெண்ணின் படிப்பு இருப்பதால் இவள் வர முடியாது. "உங்களுக்குத் துவைக்கத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, அடுப்படிக்குப் போய் ரொம்ப நேரம் பாத்திரம் தேய்த்தாள்.

அக்கா மீதான நடவடிக்கை கைவிடப்பட்டது. திரும்பிய பணத்தை இந்த ஆண்டில் மறுபடி தருவதாக மத்திய அரசு எழுதியிருக்கிறது. என் குறிப்பால்தானா, வேறு மாகாணங்களும் கத்தியதாலா, தெரியாது.

என்னைத் தூக்கியடித்த ஊருக்கும் அக்கா விடுதிக்கும் ஒன்றரை மணி நேரம்தான். தண்டனை போட்டவர்கள் வரைபடத்தைப் பார்க்கவில்லை போல. இல்லை, இணைச் செயலர் பார்த்துத்தான் போட்டாரா? விடைபெறப் போனபோது அவர் என் முகத்தையே பார்க்கவில்லை. "உடம்பைப் பாத்துக்கோ" என்றார், கோப்பைப் பார்த்துக்கொண்டு.

மார்ச் 8, ஞாயிறு

வாரக் கடைசியில் இங்கே வந்துவிடுகிறேன். அக்கா விடுதியின் பின் அறையில் எனக்கு ஒரு கட்டில் போட்டிருக்கிறாள். இந்த ஆண்டும் பணம் தாமதம்தான், டிசம்பர் கடைசியில் வந்தது. ஆனாலும் வந்தது. பில் என் மேசைக்கே வந்தது. ஒன்றும் கேட்காமல் அன்றைக்கே அனுப்பினேன். தரைத்தளம் முடிந்துவிட்டது. மாடி, அடுத்த தவணைக்காகக் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது. பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், எல்லாரும் இல்லை. மருத்துவமனையில் இருந்த இரண்டு பேரில் ஒருத்தி வரவில்லை. அக்கா இரண்டு முறை அவள் வீட்டுக்குப் போய் வந்தாள். தைக்கிற வேலைக்குச் சேர்த்துவிட்டோம், இனி அனுப்ப முடியாது என்றுவிட்டார்கள்.

புதுக் குழாய்களில் ஒரு தொல்லை. பிள்ளைகள் திறந்தபடி விட்டுப் போய்விடுகிறார்கள். தண்ணீர் கொட்டுகிற சத்தம் அவர்களுக்குக் கேட்காதே. அக்கா நாள் முழுக்க ஓடி ஓடி மூடுகிறாள், திட்டிக்கொண்டே. திட்டுவதும் அவர்களுக்குக் கேட்பதில்லை. இன்று மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவள், வாயைத் திறந்தபடி அப்படியே தூங்கிவிட்டாள். பக்கத்திலேயே ஒன்று கொட்டுகிறது. இங்கே உட்கார்ந்திருக்கிற எனக்கே கேட்கிறது. அவள் அசையவில்லை.

நான் போய் மூடிவிட்டு வருகிறேன்.