கறுப்புக் கட்டத்துக்குள் சிரித்த தலைவர்

அண்ணி,

காலையில் உங்கள் மகன் போனில் ஒரு பத்திரிகையைக் காட்டினான். அமெரிக்காவில் செரோக்கி என்று ஒரு பூர்வகுடி ஜனமாம். தங்களுக்கென்று ஓர் எழுத்து, அந்த எழுத்தில் தங்களுக்கென்று ஒரு பேப்பர். நூறு வருஷத்துக்கு மேலே பழசு, இடையில் நின்றுபோய் மறுபடி வருகிறதாம். அவர்களுடைய தலைவர் ஒருவர் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். யார் எவர் என்று கேட்பதற்கு முன்னால், படத்தின் நாலு ஓரத்தையும் விரலால் தடவினேன். கட்டம் இல்லை. அப்பாடா என்றேன்.

"ஏன் அத்தை, அவரு உனக்குச் சொந்தமா?" என்று கேட்டான்.

நம்முடைய பேப்பரும் அப்படித்தானே. அறுபதுகளில், செஞ்சியில் என்னைப் பெற்ற நைனாவின் அச்சகத்தில், மேல்சித்தாமூரிலும் சுற்று ஊர்களிலும் இருந்த நம் சமணக் குடும்பங்களுக்காக நீங்கள் மாதம் ஒரு தடவை போட்டது. யார் வீட்டில் கல்யாணம், எந்தப் பையன் எஸ்.எஸ்.எல்.சி. தேறினான், மடத்தில் என்ன பூஜை, யார் தவறிப்போனார். "மெட்ராஸ் பேப்பர்ல நம்ம ஜனத்துக்கு எடம் எங்க இருக்குது? நாமளே போட்டுக்கணும்" என்பீர்கள். வீட்டு மருமகள் பத்திரிகை நடத்துவதைப் பெரியவர்கள் முகம் சுளித்துத்தான் பார்த்தார்கள். நைனா சம்மதித்ததும் ஒரு நிபந்தனையோடுதான்: "ஒரே ஒரு தப்பு வரட்டும், அன்னிக்கே மூடிடுவேன்."

தப்பு வந்தது. பஞ்சாயத்து எலெக்‌ஷனில் நம் ஜனத்தில் ஒருவர் தலைவராக ஜெயித்திருந்தார். முதல் பக்கத்தில் அவர் படம். முந்தின இதழில் அதே இடத்தில் ஒரு மூதாட்டி தவறிய செய்தி, சுற்றிலும் தடித்த கறுப்புக் கட்டம். அச்சு எழுத்துகளையெல்லாம் பிரித்துப் பெட்டியில் போட்ட நாம், கட்டத்தை மட்டும் இரும்புச் சட்டத்திலேயே விட்டுவிட்டோம். வேறு வீடாக இருந்தால் விளக்கேற்றி ஒரு பிரதி ஒத்திப் பார்த்திருப்பார்கள். சமண வீட்டிலோ பொழுது சாய்ந்தால் சோறு கிடையாது. "வா வா, பொழுது போய்டும், சாப்ட்டுடலாம்" என்று படத்தை நடுவில் வைத்து இறுக்கிவிட்டு எழுந்தீர்கள். காலையில் அச்சு மிஷினை மிதித்த அண்ணனுக்கு, மை கறுப்பாக விழுகிறதா என்பது ஒன்றுதான் கவலை. நன்றாகத்தான் விழுந்தது.

பேப்பர் கட்டுகள் பஸ் ஏறிப் போன பிறகுதான் மிச்சமிருந்த ஒரு பிரதியைக் கையில் எடுத்தீர்கள். "அய்யய்யோ, கட்டத்த எடுக்கலியே! உயிரோட இருக்கிற மனுஷன சாவடிச்சிட்டேனே!" பேப்பர் இதோடு போயிற்று என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது.

மறுநாள் தலைவர் ஊரில் பஸ்ஸுக்குப் பஸ் மாலையோடு ஜனம் இறங்கியது. ஒப்பாரி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தவர்களை, பல் துலக்கிக்கொண்டிருந்த தலைவரே "வாங்க" என்றாராம். மத்தியானம் அவர் நம் அச்சகத்துக்கு வந்தார், கையில் பேப்பரோடு. நைனா எழுந்து நின்றார். நீங்கள் கதவுக்குப் பின்னால் என் கையை நெரித்துக்கொண்டிருந்தீர்கள்.

"இன்னா நயினாரே, எலெக்‌ஷனுக்கு வந்தவங்கள விட எழவுக்கு வந்தவங்க ஜாஸ்தியா இருக்குது!" என்று அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "எனக்கு ஓட்டே போடாதவன்லாம் கட்டிப் புடிச்சி அழறான். உங்க மருமவ பேப்பர அவ்ளோ பேரு படிக்கிறாங்களா!"

அவரை வழியனுப்பிவிட்டு நைனா உள்ளே வந்தார். உங்களைப் பார்த்து, "அடுத்த மாசத்துக்கு இன்னா வெச்சிருக்கிற?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். நீங்கள் காகிதக் கட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்து அழுகையும் சிரிப்புமாக மூக்கைத் துடைத்தீர்கள். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு நாலு ஓரமும் தடவிப் பார்க்காமல் நீங்கள் எதையும் அச்சேற்றியதில்லை. அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. கல்யாணப் பத்திரிகை வந்தால்கூடத் தடவிப் பார்க்கிறேன்.

போன வருஷம் நீங்கள் போன அன்று, உங்கள் படம் போட்ட அஞ்சலித் தாளை மகன் என் கையில் கொடுத்தான். விரல் தானாக ஓரத்துக்குப் போனது. கட்டம் இருந்தது. யாரோ பொழுதோடு சாப்பிடும் அவசரத்தில் எடுக்க மறந்திருப்பார்கள் என்று ஒரு கணம் நம்பினேன், அண்ணி. வாசலை எட்டிக்கூடப் பார்த்தேன். பஸ்ஸுக்குப் பஸ் ஜனம் இறங்கி வந்துகொண்டிருந்தது. அத்தனை பேரும் நம் பேப்பரைப் படித்தவர்கள்.