சஹனுக்குத் திரும்பிய கை

சாய்ந்தமருது

அன்பு மகள் ஸம்றாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்ஹம்துலில்லாஹ், இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகம் என்றுதான் சொல்வாய், ஆனால் போனில் நீ இருமியது எனக்குக் கேட்டது, ஜெர்மனிக் குளிரில் தலையை மூடாமல் திரியாதே.

உன் தம்பி றிஷாடின் கலியாணம் நல்லபடி முடிந்தது. வாப்பாதான் எழுதச் சொன்னார், போனில் கதைத்தால் அழுதுவிடுவாராம். வள்ளத்துக் கயிறு வலது கையை நசுக்கியதிலிருந்து அவர் எந்தக் கலியாணத்திலும் எல்லோரும் ஒரே தட்டில் சாப்பிடும் சஹனில் குந்தவில்லை என்பது உனக்குத் தெரியும். ஆறு பேர் கை வைக்கிற தட்டில நான் கரண்டியோடயா போறது என்று வீட்டிலேயே தனியாகச் சாப்பிட்டார், மகனின் கலியாணச் சஹனுக்கும் வரமாட்டேன் என்றுவிட்டார். ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்க ஒரே ஒரு பிள்ளை, அவளுக்கு முன்னால் ஊரே வரிசையில் நிற்கிறது, அவள் என்ன செய்வாள். கட்டடம் திறக்க ஆயிரம் பேர் வருவார்கள், விரல் மடக்கச் சொல்லித்தர இன்னொரு ஆள் போட ஒருவருக்கும் நினைவு வராது.

நீ செய்து அனுப்பிய இறப்பர் பட்டியை அவருடைய விரலின் மேற்புறத்தில் ஒட்டினோம். விரல் வளைய வளைய அதற்குள் ஓடும் மின்சாரம் மாறும், போன் அதைப் பாகையாகக் காட்டும் என்று நீ சொன்னதை அப்படியே சொன்னேன். முதல் நாள் விரலுக்குப் பதில் மணிக்கட்டை மடக்கிவிட்டு, பார் மடிஞ்சிட்டு என்றார். எண் அசையவில்லை. ஒன்ட மகள் பழுதான சாமான அனுப்பியிருக்காள் என்று கத்தினார். நான் பட்டியை என் விரலில் ஒட்டி மடக்கினேன், எண் துள்ளி ஏறியது. உடனே தன் விரலை நீட்டினார். மகள், நாங்கள் எல்லோரும் நல்லா வருது, நல்லா வருது என்று அவருக்குப் பொய் சொல்லிக்கொண்டிருந்தோம், உன் பட்டி யார் முகத்துக்காகவும் பொய் சொல்லவில்லை. பந்தைப் பிசையச் சொன்னால் அலுத்துக்கொள்வார் என்று சூடு ஆறாத சோற்றைப் பிசையக் கொடுத்தேன், பட்டியில் கறி படாமல் பொலித்தீன் சுற்றிவிட்டேன். எண் கொஞ்சம் ஏறினாலும் போனைத் தூக்கிக்கொண்டு நான் சமைக்கும் குசினிக்கு ஓடி வருவார்.

கலியாணத்தன்று பட்டியோடேயே சஹனில் குந்தினார். நான் திரைக்கு இந்தப் பக்கம் பெண்களோடு நின்று பார்த்தேன். அதே சஹனில் பக்கத்து வளவு வீட்டு அபூசாலி, நீ போகும்போது குமர்ப் பிள்ளையைத் தனியாக வெளிநாட்டுக்கு அனுப்ப வெக்கமில்லையா என்று நம் வாசலில் நின்று ஏசிய அதே மனிசன். ஒங்கட விரலப் பாத்து நாங்க சோத்த மறந்திட்டம் மச்சான், அதுக்குள்ள இறைச்செல்லாம் ஒங்கட பக்கம் போயிட்டு என்று உன் மாமா பஸால் சிரித்தான். இது எங்க வாங்கின என்று அபூசாலி கேட்டார். வாப்பா ஒரு பிடி பிடித்து வாயில் போட்டு, ஆறுதலாக மென்று விழுங்கிவிட்டு, வாங்கல்ல அபூசாலிக் காக்கா, என்ட மகள் செஞ்ச என்றார். திரைக்கு இந்தப் பக்கமும் கேட்கிற சத்தத்தில்தான் சொன்னார்.

நேற்று அபூசாலி பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து, ஒங்கட மகள் என்ன பாடம் படிச்ச, இவளும் கணக்கில கெட்டி என்றார். உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன், சீனியை மட்டும் குறைத்துப் போட்டேன். அந்தப் பிள்ளைக்கு நீ எழுது, அவள்மீது எனக்குக் கோபமில்லை.

அல்லாஹ் உன் கைகளுக்கு அருளும் பறக்கத்தும் தரட்டும். பட்டியின் ஓரம் கழன்று வருகிறது, இன்னொன்று அனுப்பு. கடைசியில் உள்ள பெயர் கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே, அதை வாப்பா தன் வலது கையால்தான் எழுதினார்.

உன் உம்மா ஸுஹைறா
வாப்பா முகம்மது தம்பி