கைப்பிடியில் தொங்கிய தூக்குச்சட்டி

அண்ணாச்சி,

நேற்று உங்கள் மகள் வந்து உங்கள் பித்தளைத் தூக்குச்சட்டியைக் கொடுத்துவிட்டுப் போனாள். "அப்பா இத ஒங்க கைலதான் குடுக்கச் சொன்னாவ மாமா" என்றாள். மூடியைத் திறந்தேன். புளி போட்டுத் துலக்கிய பித்தளை வாசனை. அது மூக்கில் ஏறியதும் வலது கை நடுங்கத் தொடங்கிவிட்டது. வயசாகிவிட்டால் அப்படித்தான் என்கிறாள் என் மருமகள். எனக்கல்லவா தெரியும், இது எந்தக் காலத்து நடுக்கம் என்று.

அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசி சப்-ஸ்டேஷனில் நான் ஆபரேட்டர், நீங்கள் லைன்மேன். குற்றாலம் லைனில் யாராவது கம்பம் ஏறவேண்டுமென்றால் முதலில் எங்களுக்கு ஃபோன் வரும். அந்த லைன் சுவிட்சின் கைப்பிடியை இறக்கி மின்சாரத்தை நிறுத்துவோம். அதன்மேல் சிவப்புப் பலகையை மாட்டி, வேலைக்குப் பொறுப்பான மேஸ்திரியின் பெயரை நோட்டில் எழுதுவோம். வேலை முடிந்தது என்று அதே மேஸ்திரி சொன்ன பிறகுதான் கைப்பிடி மேலே போகும். இன்ஜினியர், செக்‌ஷன் ஆபீஸ், மேஸ்திரி, நான், கம்பத்தில் இருப்பவர் என்று ஆளுக்கொரு மூலையில் கிடந்த எங்களையெல்லாம் சேர்த்துக் கட்டியிருந்தது ஒரு ஃபோனும் ஒரு நோட்டும்தான். மின்சாரம் போவதற்கு முன்னால் செய்தி போய்ச் சேரவேண்டும். சேராமல் போனால் என்ன ஆகும் என்று நினைத்துச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு.

நீங்களும் பயந்தாங்கொள்ளிதான். உங்கள் மீசை அதை ஊருக்குக் காட்டிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். கம்பத்துக்குக் கிளம்பும் முன் சாப்பாட்டுத் தூக்கை அந்தக் கைப்பிடியிலேயே மாட்டிவிட்டுப் போவீர்கள். "நோட்டுல எழுதுதது ஆபீசுக்கு வே. இது எனக்கு. சட்டி இங்கன தொங்குத வரைக்கும் நான் மேலதான் இருக்கேன்னு வச்சுக்கிடும். நான் வந்துதான் எடுப்பேன்" என்பீர்கள். எல்லாரும் கேலி செய்தார்கள். ஒருநாள் நீங்களே எடுக்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டீர்கள். அந்த வாரம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அதற்குச் சில நாள் கழித்துத்தான் அது நடந்தது. சாரல் பிடித்துக்கொண்டிருந்த சீசன் நேரம். நான் மத்தியான ஷிஃப்டுக்கு வந்ததும் காலை ஆபரேட்டர் நோட்டைக் கையில் திணித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார். நோட்டில் குற்றாலம் மேஸ்திரியின் பெயர் மட்டும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவரே ஃபோனில் வந்தார். ஆட்கள் எல்லாரும் இறங்கியாச்சு, லைனைப் போடலாம் என்றார். பெயர் சரி, குரல் சரி. பலகையைக் கழற்றினேன். அதன் பின்னால் உங்கள் சட்டி. தூக்கிப் பார்த்தேன், கனத்தது; சோறு இன்னும் உள்ளேயே இருந்தது.

உடனே இன்ஜினியருக்கு ஃபோன் போட்டேன். நோட்டில் பெயர் உள்ள மேஸ்திரியே சொல்லிவிட்டாரே, சட்டியைப் போன தடவை மாதிரி நீங்கள் மறந்து வைத்திருப்பீர்கள், அதை எடுத்து வைத்துவிட்டு லைனைப் போடு என்றார். அவர் கெட்டவர் இல்லை. குற்றாலத்தில் லாட்ஜுகளெல்லாம் நிரம்பிக் கிடந்தன, ஆளாளுக்கு அவரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. "கைப்பிடி இறுகிப் போயிருக்கு சார், எண்ணெய் விட்டுப் பாக்கேன்" என்று சொன்னேன். ஆபீசில் நான் சொன்ன எத்தனையோ பொய்களில் அது ஒன்றுதான் வாய் குழறி வந்தது.

மறுபடி ஃபோன் அடித்தது. மறுபடி எண்ணெய் என்றேன். நீங்கள் ஏதாவது டீக்கடையில் ஒதுங்கி நின்றால் என் வேலை போகும். கம்பத்தில் இருந்தால்? அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. யாராவது வந்து கைப்பிடியைத் தூக்கிவிடுவார்களோ என்று அதன் முன்னால் முதுகைக் காட்டி நின்றேன். அந்த அறையில் என்னைத் தவிர யாருமே இல்லை. என் கையை நானே நம்பவில்லை போலிருக்கிறது.

பிறகு வெளியே சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம். தலையெல்லாம் இலையும் தூசியுமாக, சொட்டச் சொட்ட நனைந்து வந்தீர்கள். சட்டியை எடுத்தீர்கள். "இனி போடும் வே" என்றீர்கள். போட்டேன். நீங்கள் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஐந்தருவிப் பக்கம் கம்பியில் சாய்ந்த கிளையை வெட்டப் போயிருக்கிறீர்கள். லைன்தான் நின்றிருக்கிறதே, அந்த மேஸ்திரி பேரிலேயே வேலையை முடித்துவிடும் என்று செக்‌ஷன் ஆபீசில் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சேதி மேஸ்திரிக்கும் போகவில்லை, பஸ்ஸுக்கு ஓடிய காலை ஆபரேட்டர் எனக்கும் சொல்லவில்லை.

மேஸ்திரி ஃபோன் செய்த நேரத்தைச் சொன்னேன். உருட்டிய கவளம் உங்கள் கையிலேயே நின்றுவிட்டது. "அப்பம் நான் கம்பியத்தான் புடிச்சிக்கிட்டு இருந்தேன்" என்றீர்கள். யாரையும் ஏசவில்லை. சோற்றை மூடி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். ரெண்டு பேருக்கும் நடுங்கிக்கொண்டிருந்தது.

இன்ஜினியர் மறுநாளே வந்தார். எங்களைவிட அவர்தான் அதிகம் பயந்திருந்தார். அதன்பின் ஒவ்வொரு லைன்மேனுக்கும் பெயர் பொறித்த தகர வில்லை வந்தது. எவர் எந்தக் கம்பம் ஏறினாலும் அவர் வில்லை கைப்பிடியில் தொங்கவேண்டும், அவரே வந்து எடுக்கவேண்டும். பக்கத்து ஆபீசுகளும் அதைப் பிடித்துக்கொண்டன. உங்களுக்கும் ஒரு வில்லை கொடுத்தார்கள். நீங்கள் ரிட்டயராகும் வரை வில்லையோடு சட்டியையும் மாட்டிவிட்டுத்தான் போனீர்கள். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

போன மாதம் கட்டிலில், தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். கொடுத்து வைத்தவர் என்றார்கள். எனக்கும் அது ஆறுதல்தான். ஆனால் பயம் இன்னும் போகவில்லை. வீட்டில் சுவிட்சைத் தட்டும்போதுகூட யாராவது மேலே இருக்கிறார்களா என்று ஒரு கணம் நிற்கிறேன்.

நேற்று ராத்திரி சட்டியை மீட்டர் பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். இன்று காலை மருமகள் அதைப் பரணில் வைக்கலாம் என்று எடுக்கப் போனாள். "தொடாத ஏட்டி. அவரு வந்துதான் எடுக்கணும்" என்று கத்திவிட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சட்டி அங்கேயேதான் தொங்குகிறது அண்ணாச்சி.