தம்பிக்காக நான் வைத்திருந்த கோபம்

வால்வு திருப்பும் நீள இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு செஞ்சித் தெருக்களைச் சுற்றிய என் தம்பி தானியேலுக்கு, அண்ணன் சுகமாக இருந்து எழுதுவது.

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். உன் லில்லி மறுபடியும் தையல் மெஷினில் உட்கார ஆரம்பித்துவிட்டாள். உன் மகள் திண்டிவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்து வந்துவிடுகிறாள். உன் இடத்தில் புதிதாக வந்திருப்பவர் நல்ல மனுஷர்தான். ஆனால் தண்ணீர் பத்து நிமிஷம் தாமதமாக வருகிறது. தெருவில் உன் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் அவரைத் திட்டுகிறார்கள். அதைக் கேட்கும்போது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் வருகிறது. அது பாவக் கணக்கில் சேருமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

உன் வேதாகமத்தை இப்போது நான் வைத்திருக்கிறேன். லில்லிதான் கொடுத்தாள். காலையில் காபி குடித்ததும் அதைத் திறக்கிறேன். எங்கே திறந்தாலும் மலைப்பிரசங்கத்தில்தான் வந்து நிற்கிறது. அந்தப் பக்கங்களின் ஓரமெல்லாம் உன் விரல் பட்டுக் கறுத்துப்போயிருக்கிறது. கடைசி இரண்டு வருஷமும் நீ அந்த மூன்று அதிகாரங்களைத் தாண்டவில்லை. "ஏன்டா, மத்ததெல்லாம் படிக்க மாட்டியா?" என்று நான் ஒரு தடவை கேட்டேன். "இதையே இன்னும் முடிக்கலியேண்ணா, அடுத்ததுக்கு எப்படிப் போறது?" என்றாய். படித்து முடிப்பதைச் சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

உன்னிடம் சொல்லாமல் மறைத்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதற்கு முன் பழைய கதை கொஞ்சம் வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் கடைவீதியில் ஒரு தெருவுக்குத் தண்ணீர் மெலிந்து வந்தது. அங்கே ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஏழுமலை, நீ முறை மாற்றி டீக்கடைகளுக்குத் தண்ணீர் விடுகிறாய் என்று மனு எழுதி, தெருவில் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தார். உன்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். நான்கு மாதம் கழித்து ரோட்டைத் தோண்டியபோது, அடியில் பைப் உடைந்திருந்தது தெரிந்தது. உன்னைத் திரும்ப அழைத்தார்கள்.

திரும்பிய முதல் நாளே ஏழுமலையின் தெருவுக்குச் சரியாக ஆறு மணிக்குத் தண்ணீர் விட்டாய். முழுசாக நாற்பது நிமிஷம். நான் உன் பக்கத்திலேயே நின்றிருந்தேன். "அஞ்சு நிமிஷம் முன்னாடி மூடு. யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன். நீ வாட்சைப் பார்த்துக்கொண்டே, "ஆண்டவரு மழையை ஆள் பார்த்து விடறதில்ல. நான் மட்டும் வால்வை ஆள் பார்த்துத் திருப்பறதா?" என்றாய். நல்லவர் மேலும் கெட்டவர் மேலும் ஒரே மழை பெய்கிற வசனம் அது. ஒரு வசனத்தைக் கையில் சாவியோடு ஒருவன் படித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நீ ஏழுமலையை விட்டுவிட்டாய். நான் விடவில்லை. உனக்காக ஒருவராவது கோபமாக இருக்க வேண்டாமா?

நம் சபையில் ஒரு வழக்கம். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. மனசில் ஒருவர்மேல் வருத்தம் இருந்தால் அப்பத்தையும் பாத்திரத்தையும் வாங்க எழுந்து போகாமல் இடத்திலேயே உட்கார்ந்துவிடுவோம். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். நான் அப்படி ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தேன். நீ வாங்கிவிட்டு வந்து, வேறு இடம் காலியாக இருந்தாலும் என் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்காருவாய். ஒரே ஒரு தடவை, "ஏண்ணா வரல?" என்றாய். "ஒண்ணுமில்லடா" என்றேன். உன் கோபத்தைத்தான் நான் சுமந்துகொண்டிருக்கிறேன் என்று உன்னிடமே எப்படிச் சொல்வது?

உன் அடக்கத்துக்கு ஏழுமலை வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே மாலையோடு நின்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒன்றரை மாதத்துக்கு முன்னால் அவரே என் வீட்டுக்கு வந்தார். கடைவீதியில் ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். அளக்க வந்தவர்கள் தேடியபோது ஏழுமலை கடைக்கு முன்னால் எல்லைக்கல் இல்லை. அதனால் கால்வாய் விளிம்பிலிருந்து அளந்து சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். அந்தக் கோடு கடையின் நடுவில் போகிறது. பாதிக் கடை இடிந்தால் மீதியில் வியாபாரம் செய்ய முடியாது. கல் ஒரு காலத்தில் அங்கே இருந்தது என்று அவர் சொல்வதற்குச் சாட்சி இல்லை.

"உங்ககிட்ட இருக்குது சார்," என்றார்.

"என்கிட்ட இன்னா இருக்குது?"

"கடைவீதியில முட்டிக்கால் தண்ணி நின்னுச்சே, அந்த மழைக்கு நீங்க போட்டோ எடுத்தீங்க. என் கடை எதிர்லதான் ஸ்டூல் போட்டு ஏறினீங்க. ஸ்டூலே என் கடை ஸ்டூலு. கல்லு தலை மட்டும் தெரிய நின்னுச்சு."

அவர் சொன்னது சரி. அந்தப் படம் நான் நிருபராக இருந்த பத்திரிகையில் வந்தது. நெகடிவும் ஒரு பெரிய பிரிண்டும் என் இரும்புப் பெட்டியில் இருந்தன. இரண்டு வியாழக்கிழமை தள்ளி அதிகாரிகள் மறுபடியும் வந்து பார்ப்பார்கள், அதற்குள் ஏதாவது காட்ட வேண்டும் என்றார். நான் "பார்க்கலாம்" என்றேன்.

அவர் போனதும் பெட்டியைத் திறந்து படத்தை எடுத்துப் பார்த்தேன். கல் இருந்தது. தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு, தெளிவாக. திரும்பப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

ஒன்பது நாள் அது பெட்டியிலேயே இருந்தது. பொய் சொல்லவில்லை, மறுக்கவில்லை, சும்மா இருந்தேன். அவ்வளவுதான். தினமும் காலையில் உன் வேதாகமத்தையும் திறந்தேன். இரண்டையும் ஒருவன் எப்படி ஒரே வீட்டில் செய்தான் என்று கேட்காதே.

முதல் ஞாயிறு வந்தது. வழக்கம்போல உட்கார்ந்திருந்தேன். ஆராதனை முடிந்து லில்லியும் நானும் நடந்து வந்துகொண்டிருந்தோம். நல்ல வெயில். நம் கிருஷ்ணகிரிக் கோட்டை மலைக்குப் பக்கத்தில் வரும்போது அவள் குடையைச் சாய்த்துக்கொண்டு, "மாமா, ஒண்ணு கேக்கட்டா? கோச்சிக்கக் கூடாது" என்றாள்.

"கேளும்மா."

"ஆறு வருஷமா நீங்க எழுந்து போறதில்ல. அவரைக் கேட்டா, 'அண்ணன் பேப்பர்காரரு, எதையாவது எழுதி யார் மனசையாவது நோகடிச்சிருப்பாரு, அவரே சரி பண்ணிப்பாரு'ன்னுவாரு. இன்னுமா சரியாவல?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சொன்னேன். ஏழுமலை, மனு, நான்கு மாதம், இப்போது கேட்கிற போட்டோ, எல்லாம். அவள் நின்றுவிட்டாள்.

"அந்த நாலு மாசமும் உலை வெச்சது நானு. எனக்கே அந்தக் கோவம் இல்ல. உங்களுக்கு எங்கேர்ந்து மாமா வந்துச்சு?"

அடுத்த கேள்வியையும் அவளே கேட்டாள்.

"போட்டோ கேட்டு வந்தாரே, இன்னா சொன்னீங்க?"

"பார்க்கலாம்னேன்."

"குடுக்கறேன்னு சொல்லுங்க. இல்ல, குடுக்க மாட்டேன்னு சொல்லுங்க. பார்க்கலாம்னா இன்னா அர்த்தம்? வர்ற வியாழக்கிழமை அந்த மனுஷன் கடை போயிடும்."

ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று பேசச் சொல்கிற வசனமும் அந்த மூன்று அதிகாரங்களில்தான் இருக்கிறது. அவள் வசனம் எதுவும் சொல்லவில்லை. குடையை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்து, நான் இத்தனை வருஷம் எதை நம்பி உட்கார்ந்திருந்தேனோ அந்த வசனத்தையே எடுத்துப் படித்தேன். பலிபீடத்தண்டை காணிக்கையோடு வந்தவன், மனத்தாங்கல் நினைவுக்கு வந்தால் காணிக்கையை வைத்துவிட்டுப் போகச் சொல்கிற இடம். ஒரு செய்தியைத் திருத்துகிற மாதிரி வார்த்தை வார்த்தையாகப் படித்தேன். இரண்டு தப்பு செய்திருக்கிறேன் தம்பி. எனக்கு ஒருவன்மேல் குறை இருந்தால் என்று அங்கே இல்லை. அவனுக்கு என்மேல் குறை இருந்தால் என்றுதான் இருக்கிறது. அடுத்தது, வை, போ, சமாதானமாகு, திரும்பி வா என்று நான்கு வேலை சொல்லியிருக்கிறது. நான் முதல் வேலையைச் செய்துவிட்டு ஆறு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பெயர் கீழ்ப்படிதல் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை நெகடிவையும், பெரிதாகப் போட்ட பிரிண்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டே போனேன். படித்ததெல்லாம் அதற்குள் எங்கே போனதோ. ஏழுமலை வல்லத்திலிருந்து வந்த ஒருவருக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் போகும்வரை காத்திருந்து சொன்னேன்.

"ஏழுமலை, நான் உங்களை மன்னிச்சிட்டேன்."

அவர் தராசைப் பிடித்தபடி பார்த்தார். "இன்னாத்துக்கு சார்?"

"தானியேல் விஷயத்துக்கு."

தராசைக் கீழே வைத்தார். "தம்பி வேலைக்குத் திரும்பின அன்னிக்கே இங்க வந்தாரு சார். அரை இஞ்ச் வாஷர் இருக்குதான்னாரு. எனக்குக் கை ஓடல. 'உங்க தெருவுல இப்ப தண்ணி நல்லா வருதா'ன்னு கேட்டாரு. தெரியாம பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்கன்னேன். 'அது இருக்கட்டும், வாஷர் குடுங்க'ன்னாரு. அப்புறம் எதிர்ல டீ குடிச்சோம். அதுலேர்ந்து வாரம் ரெண்டு நாள் வருவாரு."

நீ அந்தக் கடையில் சாமான் வாங்குவது எனக்குத் தெரியும். வேறு கடை இல்லையா என்று மனசுக்குள் உன்னைத் திட்டியதும் உண்டு.

"உங்ககிட்டயும் வந்து ஒரு வார்த்தை சொல்லிடட்டான்னு தம்பியைக் கேட்டேன் சார். 'எங்கண்ணன் அதையெல்லாம் மனசுல வெச்சிக்கிற ஆளில்ல, அன்னிக்கே மறந்திருப்பாரு'ன்னாரு. ஆனா நான் எத்தனை தடவை கும்பிட்டாலும் நீங்க பார்க்காத மாதிரி போவீங்க. கண்ணு தெரியல போலன்னு நெனைச்சிப்பேன்."

தம்பி, என்னைப் பற்றி நீ ஊரில் சொன்ன தப்பான செய்தி இது ஒன்றுதான். கடை நடுவில் அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் நின்றுகொண்டு, யாருக்கு யார்மேல் குறை என்று அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது.

"நான்தான் உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும்," என்றேன்.

"அது இருக்கட்டும் சார், போட்டோவைக் குடுங்க," என்றார்.

வியாழக்கிழமை நானும் போனேன். அதிகாரி படத்தை வாங்கி இரண்டு தடவை பார்த்தார். எந்த இடத்திலிருந்து எடுத்தேன், ஸ்டூல் எங்கே போட்டிருந்தது என்று கேட்டார். நின்று காட்டினேன். படத்தில் கல் இருந்த இடத்தில் கால்வாய்ச் சிமெண்டை உடைக்கச் சொன்னார். கால்வாய் கட்டியபோது மூடிப்போன கல், இரண்டு அடி ஆழத்தில் கிடைத்தது. தலை ஒரு பக்கம் உடைந்திருந்தது, ஆனால் அசையவில்லை. அங்கிருந்து டேப் பிடித்தார்கள். புதுக் கோடு கடையின் படிக்கட்டோடு நின்றுவிட்டது. படிக்கட்டு போகும். கடை இருக்கும்.

ஏழுமலை உள்ளே போய் அந்த ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, "உக்காருங்க சார்" என்றார்.

அடுத்த முதல் ஞாயிறு எழுந்து போனேன். போதகர் என்னைப் பார்த்து ஒரு விநாடி தயங்கிவிட்டு அப்பத்தைக் கையில் வைத்தார். திரும்பி வந்தபோது என் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. அதில் லில்லி வந்து உட்கார்ந்தாள். நன்றாக இருந்தது, தம்பி. உன்னிடம் சொல்ல வேறு வார்த்தை இல்லை.

முப்பத்திரண்டு வருஷம் செய்தி எழுதினேன். எதிர்த்தரப்பைக் கேட்காமல் ஒரு வரிகூட அனுப்பியதில்லை என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. இந்த ஒன்றில் மட்டும் எதிர்த்தரப்பையும் கேட்கவில்லை, யாருக்காகக் கோபப்பட்டேனோ அவனையும் கேட்கவில்லை. இத்தனைக்கும் அவன் பக்கத்திலேயே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நாம் இருவரும் எத்தனை ஞாயிறு சேர்ந்து எழுந்து போயிருக்கலாம்?

ஆகவே உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி யாருக்காகவாவது கோபம் வந்தால், முதலில் அவரிடமே போய், உங்களுக்கு இன்னும் கோபம் இருக்கிறதா என்று கேட்பேன். இல்லை என்று அவர் சொல்லிவிட்டால், அதற்குமேல் ஒரு நாள்கூட நான் வைத்திருக்க மாட்டேன்.

உன் கூடப்பிறந்த அண்ணன்,
ஜெயராஜ்
செஞ்சி