பத்தாவது ரேடியோ

நவ. 11, செவ்வாய்

காலையிலிருந்து மழை. சென்னீர்குப்பம் சர்வீஸ் ரோட்டில் முழங்கால் தண்ணீர். பைக்கைத் தள்ளிக்கொண்டே வீடு வந்தேன்.

வலது காதில் மிஷின் மாட்டி மூன்று வாரம். நன்றாகக் கேட்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. மனைவி சரோவிடம் சொன்னால் அவள் அண்ணனுக்குப் போய்விடும். எதுவும் அவள் வாயில் தங்காது. மச்சான்தான் எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர். காது மந்தம் என்று பிரஸ் மெஷினிலிருந்து எடுத்து, கேட் காவலுக்கு உட்கார வைத்துவிடுவார். பதினெட்டு வருஷ ஆப்பரேட்டர் நான். காதை மறைக்க முடி வளர்க்கிறேன்.

சரோ: "இந்த வயசுல இன்னாத்துக்கு இம்மா முடி?"

நவ. 12, புதன்

தூறல். பைக் செயினுக்கு எண்ணெய் போட வேண்டும்.

காவ்யாவுக்கு எட்டாம் வகுப்பு வீட்டுப்பாடம். வீட்டில் ரேடியோ அலையில் வேலை செய்யும் பொருட்களை எண்ண வேண்டும். "நம்ம ஊட்ல ரேடியோவே இல்லியே" என்றேன். சிரித்தாள். அவள் பட்டியல்:

போன் 3
வைஃபை பெட்டி
மாடி டிஷ்
புளூடூத் ஸ்பீக்கர்
ஒயர் இல்லாத காலிங் பெல்
சரோவின் மெட்ரோ அட்டை
என் கம்பெனி அட்டை (கேட்டில் காட்டினால் பீப்)

டிவி ரிமோட் சேராதாம், அது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சமாம். மொத்தம் 9.

விட்டுப்போனது உண்டா என்று போனில் புளூடூத்தைத் திறந்து தேடினாள். "யப்பா, பேரு இல்லாத சாமான் ஒண்ணு இங்கயே கீதுப்பா, வெறும் நம்பரு."

"பக்கத்து ஊட்டுதா இருக்கும்" என்று சொல்லி, பாத்ரூம் போய்க் காது மிஷினை அணைத்தேன். அதிலும் புளூடூத் உண்டு. போனிலும் மறைந்துவிட்டது. முட்டாள் நான். நான் உள்ளே போனதும் அது மறைந்ததைச் சரோ பார்த்துவிட்டாள்.

நவ. 13, வியாழன்

சாம்பாரில் உப்பில்லை. கேட்கப் பயம்.

நான் வேலைக்குப் போனதும் அந்த நம்பர் போய்விட்டதாம், வந்ததும் வந்ததாம். சரோ வெடித்துவிட்டாள்.

"ரெண்டாவது போனு எவளுக்கு வச்சிகினு கீற? ஒரு வருசமா கூப்ட்டா திரும்பக்கூட மாட்டன்ற."

அழுதாள். ஒரு வருஷமாகத்தான் எனக்குக் கேட்கவில்லை. அவளுக்கு எப்படித் தெரியும்? பாவம்.

முடியை ஒதுக்கிக் காட்டினேன். காவ்யாவும் பார்த்தாள். சரோ மிஷினைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "இத்த சொல்றதுக்கு இன்னா?" என்று கேட்டு மறுபடி அழுதாள். காரணம் சொன்னேன். "அண்ணங்கிட்ட சொல்ல மாட்டேன்" என்றாள். நம்பிக்கை இல்லை.

நவ. 16, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது. மச்சான் சாப்பிட வந்தார். மீன் குழம்பு.

காவ்யாவின் நோட்டை எடுத்து, பட்டியலை உரக்கப் படிக்க ஆரம்பித்தார். பத்தாவதாக என் மிஷினை எழுதியிருப்பாளோ? 9 என்று முடித்தார். காவ்யா தலை நிமிரவே இல்லை.

அடுத்து என்னைப் பார்த்தார். "இன்னா மாப்ள, ஃபோர்மேன் முடி வெட்ட சொன்னாராமே? நாளைக்கு வெட்டிகினு வா."

முடியைக் காதுப் பக்கம் இழுத்துவிட்டேன்.

சரோ என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள். "நாந்தாண்ணா வளக்க சொன்னேன். எனக்கு புடிச்சிகீது" என்று சொல்லி அவர் இலையில் இன்னொரு மீன் வைத்தாள்.