ஐஸில் வந்த போத்தல்

செவ்வாய் இரவு

தூக்கம் வரவில்லை. வத்தேகமச் சந்தையில் மீன் விற்பவர் ஒருவர், எங்கள் ஆய்வுகூடத்துக்கு ஒரு போத்தலில் விந்து மாதிரி கொண்டுவந்தார். நுண்ணோக்கியில் பார்த்தேன். ஓர் உயிரணுகூட நீந்தவில்லை. அதை டொக்டர்தான் சொல்ல வேண்டும். மீன்காரர் கெஞ்சவும் என் பாழாய்ப்போன வாய் சொல்லிவிட்டது.

"நல்லதுங்க மிஸ். இனிமே எங்கம்மா என் பொஞ்சாதிய மலடின்னு சொல்ல மாட்டாங்க" என்று எழுந்து போனார்.

மாலையில்தான் அவர் விட்டுப்போன பையைத் திறந்தேன். உள்ளே பாதி உருகிய ஐஸ். கெட்டுப்போகாமலிருக்க மீனைப் போலவே கொண்டுவந்திருக்கிறார். ஐஸில் கிடந்தது எப்படி நீந்தும்? உடம்புச் சூட்டில் கொண்டுவாருங்கள் என்று நான் சொல்லவே இல்லை.

போன் போட்டேன். மனைவி எடுத்தார். ஆய்வுகூடத்து மிஸ் என்றதும், "அவரு வீட்டுல எல்லாத்தையும் சொல்லிட்டாருங்க. மாமி இன்னைக்குத்தான் என் கையால வாங்கிச் சாப்பிட்டாங்க" என்றார். ஐஸ் விஷயத்தைச் சொல்லாமலே வைத்துவிட்டேன்.

நாளைக்கு இன்னொரு மாதிரி கேட்டே ஆக வேண்டும். அது நீந்திவிடக் கூடாதே என்றிருக்கிறது. இந்த வேலையில் இருந்துகொண்டு.