நெல்துறைக் கடலனின் முப்பத்திரண்டாம் வாரம்

ஏழு துறைகளிலும் நீர் நிறைக. ஆடுகளங்களில் புல் தழைக்க. ஆற்றுக்கும் கரைக்கும் உரியவரும், குடிகளின் ஆரவாரத்தைத் தம் முரசாகக் கொண்டவருமான ஏழ்துறைக்கோ ஆதன் நெடுமுரசப் பெருமானின் திருமுன்புக்கு, வாரமதிப்போலை எழுதும் பணியில் இருப்பவள், பரிசல்காரர் கோவன் மகள் சாத்தி, தன் கையால் எழுதி விடுப்பது: பெருமான் தம் ஓலையணியிலிருந்து நெல்துறைக் கடலனின் பெயரை நீக்க வேண்டும். வருகிற சந்தை நாளுக்கு முன், தம் கையாலேயே நீக்க வேண்டும்.

இதை மட்டும் கேட்கக் கூடாது என்று சாத்திக்கு முதல் நாளே சொல்லப்பட்டது. ஓலைநாயகம் விண்ணனார் எழுத்தாணியை அவள் கையில் கொடுத்தபோது, யாருக்கு எத்தனை புள்ளி என்பது அவள் பாடு என்றும், படைத்தலைவரின் மருமகனுக்கே சுழியம் போட்டாலும் தாம் குறுக்கே வரப்போவதில்லை என்றும் சொன்னார். ஆனால் அரசரின் அணியில் யார் இருக்கலாம், யார் போகலாம் என்று அவள் வாய் திறக்கலாகாது. "கேட்டுடாதே பெண்ணே. அவருக்கு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான்" என்றார். இரண்டு ஆண்டுகள் அவள் கேட்கவில்லை. தன் குடியில் ஏட்டைத் தொட்ட முதல் ஆள் அவள்தான். கடிகையில் ஆறு ஆண்டு படித்துத் தேறி வந்தவளுக்கு, கிடைத்த எழுத்துப் பலகையை இழக்க அச்சம் இருந்தது. இன்று அந்த அச்சம் இல்லை.

பிற்காலத்தில் சுவடிச்சாலையில் இதைப் பிரிப்பவருக்கும் விளங்குமாறு ஆட்டத்தின் முறையைச் சொல்லி வைக்கிறாள். ஏழு துறைகளின் அணிகள் வாரந்தோறும் சந்தை நாளில் காற்பந்தில் மோதுகின்றன. குடிகள் ஒவ்வொருவரும் அந்த ஏழு அணிகளிலிருந்தும் தமக்குப் பிடித்த பதினொருவரைப் பொறுக்கித் தம் பெயரில் ஓர் ஓலையில் எழுதிக்கொள்கிறார்கள். அதுவே ஓலையணி. களத்தில் அந்தப் பதினொருவரும் செய்ததற்கெல்லாம் வாரமதிப்போலையில் புள்ளி விழும். அவர்களுள் ஒருவனைக் கொடிவீரன் என்று குறித்தால் அவன் புள்ளி இரட்டிக்கும். குதிரை தங்களைக் கீழே தள்ளி, இடுப்புக்குக் கீழே உணர்வு அற்றுப்போன ஆண்டில், களத்துக்குப் போக முடியாதவரும் ஆட வேண்டும் என்று படுத்தபடியே தாங்கள் வகுத்த விளையாட்டு இது. நாடு முழுவதும் இதைப் பற்றிக்கொண்டது. சலவைத்துறைக் கிழவியின் அணி அமைச்சரின் அணியை முந்துவது இந்நாட்டில் இந்த ஓர் இடத்தில்தான். அதற்காக மட்டுமே சாத்தி தங்களை நூறு முறை வாழ்த்துவாள்.

வழக்கம் தவறாமல் இவ்வார மதிப்பு முதலில். வெண்துறையின் வாயில் காப்போன் அழிசிக்கு ஆறு புள்ளி: இரண்டு பந்துகள் தாமாகவே வந்து அவன் மார்பில் விழுந்தன, மூன்றாவதை மெய்யாகவே பிடித்தான். கல்துறையின் நடுக்களத்து மருதனுக்கு மூன்று: நாள் முழுக்க ஓடினான், பந்து இருந்த பக்கம் மட்டும் போகவில்லை. படைத்தலைவரின் மருமகன் இவ்வாரமும் சுழியம். எதிராளியின் பாதத்தை மிதித்ததற்குக் கழித்த பின் சுழியம், ஆகவே இதை முன்னேற்றம் என்றே கொள்ளலாம். நெல்துறையின் இடக்கரை ஓட்டன் கடலனின் பெயருக்கு நேரே புள்ளி இல்லை. சுழியமும் இல்லை. அந்த இடத்தைச் சாத்தி எழுதாமல் விட்டிருக்கிறாள். இனி வருவது அதன் காரணம்.

முப்பத்திரண்டு வாரங்களுக்கு முன், மதிப்போலை அரண்மனையிலிருந்து திரும்பி வந்தபோது அதன் ஓரத்தில் முதன்முறையாகத் தங்கள் கையெழுத்து இருந்தது. 'அந்தப் பையன் திரும்பியதை மறுபடி எழுது. இன்னும் மெதுவாக எழுது' என்று கீறியிருந்தீர்கள். சாத்தி எழுதினாள்: இடக்கால் மண்ணில் ஊன்றுகிறது, குதிகால் அசையவில்லை, உடல் முழுவதும் அந்த ஒரு முழங்காலின்மேல் சுழல்கிறது, எதிராளி கால் நீட்டும்போது அங்கே புழுதிதான் இருக்கிறது. அடுத்த வாரம் தாங்கள் எழுதியது, 'ஆம். அப்படித்தான்.' கடிகையில் ஒரு நல்ல சொல் கேட்டறியாத பரிசல்காரன் மகள், அந்த இரண்டு சொல்லைப் படித்துவிட்டு ஓலையறையின் மூலையில் போய் நின்று அழுதாள். தாங்கள் களத்தில் பந்தாடிய காலத்தில் அதே திருப்பம் தங்களுடையதாக இருந்தது என்பதை அவள் பிறகுதான் கேள்வியுற்றாள். அந்த வாரமே தாங்கள் கடலனைக் கொடிவீரன் ஆக்கினீர்கள். இன்றுவரை மாற்றவில்லை.

ஐந்து வாரங்களுக்கு முன் கடலன் திரும்பும்போது விழுந்தான். எழுந்து காலை இழுத்துக்கொண்டே கடைசிவரை ஆடினான். 'உறுதிக்கு இரண்டு கூடுதல்' என்று சாத்தி எழுதினாள். மறுநாள் காலை பாதி ஊர் அவனைக் கொடிவீரன் ஆக்கிக்கொண்டது. அந்த இரண்டு புள்ளியை இப்போது நினைத்தால் அவளுக்குத் தன் கையையே வெட்டிக்கொள்ளலாம் போல் இருக்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் அவன் எதிரில் ஆளே இல்லாத இடத்திலும் நின்று திரும்பினான். இது என்ன வேண்டாத வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே அதற்கும் ஒரு புள்ளி போட்டாள்.

நேற்று முற்பகலில் அவள் நெல்துறைக்குப் போனாள். மதிப்போலை எழுதுபவர் ஆட்டக்காரரோடு பேசலாகாது, பேசினால் பணி போகும் என்பது விதி. தெரிந்தேதான் போனாள். கடலன் ஆற்றில் இடுப்பளவு நீரில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். முழங்கால் பனங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. உள்ளே இருக்கும் நார் பாதி அறுந்துவிட்டது என்றும், இன்னொரு திருப்பத்தில் மீதியும் போய்க் கால் மடங்காமல் நின்றுவிடும் என்றும், அடுத்த மழைக்காலம்வரை ஓய்ந்திருந்தால் மறுபடி ஓடுவான் என்றும் எலும்பு வைத்தியர் சொல்லியிருக்கிறார். சொல்லி ஒரு மாதம் ஆகிறது.

நெல்துறை அணியின் தலைவன் இருங்கோவைப் பிடித்துச் சாத்தி சண்டையிட்டாள். வைத்தியர் சொன்னதை அறிந்தும் இவனைக் களத்தில் இறக்கியது யார் சொல்லி என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை என்பதே அவன் மறுமொழி. "அரசரோட கொடிவீரனை உட்கார வைக்க நான் யாரும்மா?" என்றான். அவன் கெட்டவன் அல்லன். மெய்யாகவே திகைத்து நின்றான். பெருமானே, இந்த வழக்கத்தைத் தாங்கள் இட்டதில்லை என்று சாத்தி அறிவாள். ஆனால் தாங்கள் ஆசையோடு எழுதும் பெயரை இந்நாட்டில் எல்லோரும் கட்டளையாகப் படிக்கிறார்கள், அதைத் தங்களிடம் சொல்லும் வாய் அரண்மனையில் ஒன்றும் இல்லை. அதற்காகத் தங்கள்மேலும் அவளுக்குக் கோபம்தான். மறைக்கவில்லை.

பிறகு நீர்க்கரைக்கே திரும்பி வந்து கடலனிடம் கேட்டாள். "எதிர்ல யாருமே இல்லையே, எதுக்குடா திரும்பின?"

அவனுக்கு எழுத்துத் தெரியாது. வாரந்தோறும் மதிப்போலையைச் சந்தையில் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்பானாம். தாங்கள் ஓரத்தில் எழுதியதும் அப்படியே அவன் காதுக்குப் போயிருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டு, தண்ணீரைப் பார்த்துச் சொன்னான்.

"அவர் படுத்துக்கிட்டுக் காத்திருப்பாரே அக்கா. நான் திரும்பலைன்னா நீங்க எதை எழுதுவீங்க?"

சாத்தி அவனை வாய்க்கு வந்தபடி ஏசினாள். அறிவிருக்கிறதா என்றாள், கால் போனால் அரசர் வந்து சோறு ஊட்டுவாரா என்றாள், இன்னும் எழுதத் தகாத சிலவும் சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே கேட்டிருந்தான். பிறகு அவளுக்கு ஏச ஒன்றும் மிஞ்சவில்லை. உடுத்தியிருந்த துணியோடு அவளும் நீரில் இறங்கி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். படுக்கையில் இருக்கும் ஒருவர்மேல் இத்தனை பிரியம் வைத்து, அந்தப் பிரியத்தை ஒரு முழங்காலால் செலுத்திக்கொண்டிருந்தவனை அவள் முப்பத்தொரு வாரம் பத்துக்கு இத்தனை என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆகையால் இன்று காலை ஏழு துறைச் சந்தைகளிலும் கடலன் காயமுற்றான் என்று அறிவித்து ஓலை தொங்கவிட்டாள். காயமுற்றவன் பெயர் எந்த ஓலையணியிலும் நிற்கலாகாது என்பது தாங்களே இட்ட விதி. குடிகள் அதன்படி தங்கள் ஓலைகளைத் திருத்தத் தொடங்கிவிட்டார்கள். இருங்கோ மட்டும் திருத்த மாட்டான். தங்கள் கீறலைக் கண்ணால் காணும்வரை அவன் கடலனை இறக்கியே தீருவான். ஆகவே எழுத்தாணியைக் கையில் எடுங்கள். அவன் பெயரின் குறுக்கே ஒரு கோடு போதும். அவன் இடத்தில் யாரை எழுதுவது என்று கேட்டால், அந்தத் திருப்பம் வேறு எவனுக்கும் வராது. யாரையாவது எழுதிக்கொண்டு இவ்வாண்டு தோற்றுப்போங்கள். சலவைத்துறைக் கிழவி வெல்லட்டும்.

இவ்வோலையை அனுப்பினால் இந்தப் பலகையில் மறுபடி உட்கார முடியாது என்று விண்ணனார் சற்று முன் வருந்திச் சொன்னார். உட்காரப் போவதில்லை என்று அவள் சொல்லிவிட்டாள். அவளுக்குப் பரிசல் தள்ளத் தெரியும். எழுதவும் தெரியும், அதை யாரும் திரும்ப வாங்க முடியாது.

இனி ஒன்று. மேலுறையில், கொண்டு வருபவனை அமரச் செய்த பின்னரே பிரிக்க என்று எழுதியது திமிரால் அன்று. படித்து முடியும்வரை ஓலை கொணர்ந்தவன் நிற்பது அவை வழக்கம் என்பதை அவள் அறிவாள். தங்கள் எதிரில் இப்போது காலை நீட்டி உட்கார்ந்திருப்பவன் கடலன். தாங்கள் ஓலையைப் பிரிப்பதற்கு முன் அவனிடம் அங்கே எவரும் பேர் கேட்டிருக்க மாட்டார்கள், ஓலை கொண்டு வருபவனின் பேரை யாரும் கேட்பதில்லை. கூச்சக்காரன், பந்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய் ஓயாது. அடுத்த மழைவரை வேறு வேலை இல்லாதவன். வருகிற சந்தை நாளில் ஆட்டச் செய்தி வந்ததும் இருவரும் சேர்ந்து கேளுங்கள், சேர்ந்து குறை சொல்லுங்கள். அந்தத் திருப்பம் எப்படி என்று கேட்டால் எழுந்து காட்டப் பார்ப்பான். அதட்டி உட்கார வையுங்கள். இது மதிப்போலைக்காரியின் கடைசி ஆணை. ஆட்ட விதிப்படி அரசரையும் கட்டும்.

ஏழு துறைகளும் தங்கள் நிழலில் குளிர்க. இது சாத்தியின் எழுத்து, இதற்குச் சாத்தியே சாட்சி. அரக்கு உருகிவிட்டது. துறையில் அவள் தந்தையின் பரிசலில் கடலன் ஏறி உட்கார்ந்தாயிற்று. அரக்கில் பதித்ததும் முத்திரைக் கட்டையைப் பலகையின்மேல் வைத்துவிட்டு, விண்ணனாரை ஒரு முறை வணங்கி, ஓலையோடு எழுந்து வாயிலைக் கடந்து நடப்பாள்.